பயந்த பிள்ளைக்குத் தைரியம் பழக்குவது எப்படி? திருகோணமலைப் பெற்றோர், ஆசிரியர்களுக்கான இழை

உப்புவெளி_அம்மா

வணக்கம். தரம் 4, தரம் 5 பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்கிறேன். வீட்டில் வாய் மூடாமல் கதைக்கிற பிள்ளை வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்குவதில்லை. காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிற முறை வந்தால் அன்றைக்கென்று வயிற்றுவலி. "பயப்பிடாத, தைரியமா இரு" என்று எத்தனை தரம் சொன்னாலும் ஒரு மாற்றமும் இல்லை. பேச்சு வகுப்புக்கு அனுப்பினால் சரிவருமா? வகுப்பிலும் வீட்டிலும் என்ன செய்யலாம் என்று செய்முறையாகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கோ.

கச்சான்காற்று (ஆரம்பப்பிரிவு ஆசிரியை)

அக்கா, முதலில் அந்தப் "பயப்பிடாத"வை விடுங்கோ. பிள்ளைக்குப் பயம் ஏற்கெனவே வந்தாச்சு. நெஞ்சு அடிக்குது, கை வேர்க்குது. அதை நிற்பாட்டப் பிள்ளையால் ஏலாது. ஏலாததைச் செய் என்றால், தன்னில் ஏதோ பிழை என்றுதான் அது எடுக்கும். "பயமாத்தான் இருக்கும். பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கோ. பிள்ளை "எட்டு" என்று சொல்லும்போதே பயத்துக்கு ஒரு அளவு வந்துவிடும். அளவு இருந்தால் குறைக்க வழி பார்க்கலாம்.

காலைக் கூட்ட வாசிப்பையே எடுப்போம். அதை ஒரே வேலையாகப் பார்க்கக்கூடாது. பிள்ளையோடு இருந்து எட்டு, பத்துப் படியாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயம் என்று பிள்ளையே இலக்கம் போடட்டும். வீட்டில் அம்மம்மாவுக்கு மூன்று வரி வாசிப்பது 1 என்று வரும். அதைப் போனில் பதிந்து தன் குரலைத் தானே கேட்பது 2 அல்லது 3. வகுப்பில் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து, இருந்த இடத்திலேயே வாசிப்பது 4. தனியே எழும்பி நின்று வாசிப்பது 5. கரும்பலகைக்கு முன்னால் நிற்பது 6. பிறகு இடைவேளையில் வெறும் மண்டபத்தில், மைக் போடாமல். அடுத்தது மைக் போட்டு, பின்வரிசையில் இரண்டு சிநேகிதிகள் மட்டும் கேட்க. பிறகு உண்மையான கூட்டம், ஆனால் இரண்டு பேராக, ஆளுக்கு இரண்டு வரி. கடைசிப் படிதான் தனியே.

ஒரு படியை ஒருதரம் செய்துவிட்டு அடுத்ததுக்குத் தாவினால் சரிவராது. அதே படியை மூன்று, நான்கு நாள் செய்து, பிள்ளை சொல்லும் இலக்கம் பாதியாகக் குறைந்த பிறகுதான் மேலே ஏறவேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது நடக்கவேண்டும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை என்று விட்டால் பயம் திரும்ப முதலிருந்த இடத்துக்கே போய்விடும். ஒரு தவணையின் பாதி இதற்குப் போகும், அவசரப்படாதீங்கோ.

இன்னொரு சின்னச் சங்கதி. பிள்ளை கையில் பிடிக்கிற தாள். ஒற்றைத் தாள் என்றால் கை நடுங்குவது தாளில் தெரியும், சரசரப்பு மைக்கில் கேட்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பிள்ளைக்கு நடுக்கம் இன்னும் கூடும். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் திறந்த மைதானத்தில் தாள் மடங்கிப்போய் வரி தப்பும். கொப்பி மட்டையில் தாளை நாலு மூலையும் ஒட்டிக் கொடுங்கோ. எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளி விட்டு, ஒரு வசனம் ஒரு வரியில் முடியவேண்டும். மைக்கைப் பிள்ளையின் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் முதலே இறக்கி வையுங்கோ. பெரிய பிள்ளைக்கு வைத்த உயரத்தில் இருந்தால் சின்னப் பிள்ளை நுனிக்காலில் நின்றுதான் வாசிக்கும். முதல் வசனத்தை மட்டும் பாடமாக்கினால் போதும், மீதியைப் பார்த்து வாசிக்கட்டும். முதல் வசனம் தடக்காமல் வந்தால் மூச்சு தானாக இறங்கும்.

பேச்சு வகுப்பைக் கேட்டீங்கள். தமிழ்த்தினப் போட்டிக்குப் பழக்குகிற வகுப்புகள் பெரும்பாலும் ஏற்கெனவே மேடைப்பயம் இல்லாத பிள்ளையை மெருகூட்டுகிற வகுப்புகள். எழுதிக் கொடுத்ததை ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவிப்பது ஒரு திறமை. நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் பாடமாக்கின பிள்ளைக்குத் திரும்பப் பிடிக்க இடமில்லை. பயந்த பிள்ளைக்கு அது முதல் படி அல்ல.

கோட்டைவாசல்

எனக்கு இதில் உடன்பாடில்லை. இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் எப்போது பழகும்? தூக்கித் தண்ணியில் போட்டால் தானாக நீந்தும். மேடையில் ஏற்றிவிட்டால் பிள்ளை ஏதோ சொல்லி இறங்கும், அதோடு பயம் தீரும்.

ஏழுகிணறு (பள்ளி உளவளத்துணை)

சேர், ஏற்றிவிட்டால் சிலர் தப்பிவிடுவார்கள், உண்மை. ஆனால் பயம் உச்சத்தில் நிற்கும்போது பிள்ளை அழுதுகொண்டு இறங்கினால், "இறங்கினதால்தான் பிழைச்சன்" என்று உடம்பு படித்துக்கொள்ளும். அடுத்தமுறை மேடையைப் பார்க்க முன்னமே வயிற்றைக் கலக்கும். அக்கா சொன்ன வயிற்றுவலியும் இதுதான். அது நடிப்பு அல்ல, வலி உண்மையானது. ஆனால் "சரி, இண்டைக்கு வீட்டில நில்" என்ற நிமிடமே வலி போய்விடும். அந்த ஆறுதல்தான் அடுத்த வயிற்றுவலிக்கு விதை. வலியோடு பள்ளிக்கு அனுப்புங்கோ, அன்றைக்குப் படியை மட்டும் குறையுங்கோ. தனியே வாசிக்க வேண்டியவள் இரண்டு பேராக வாசிக்கட்டும். முற்றாக விலக்க வேண்டாம்.

படிப்படியாகப் போவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் எழுதினார். முயலைக் கண்டால் அலறுகிற சின்னப் பையன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூட்டில் வைத்த முயலைத் தூரத்தில் காட்டி, நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன் அதைத் தடவினான். முயலுக்குப் பயப்படாத வேறு பிள்ளைகளையும் அவனுக்குப் பக்கத்தில் விட்டார்கள். இந்தக் கடைசி விசயத்தை எல்லாரும் மறந்துபோகிறோம். பிள்ளை தைரியத்தைப் பெரியவர்களைப் பார்த்துப் பழகுவதைவிட, தன்னளவு பிள்ளை ஒன்று கொஞ்சம் பயந்து பயந்து செய்வதைப் பார்த்துத்தான் கூடப் பழகும். அதனால் சோடி சேர்க்கும்போது வகுப்பின் முதலாவது பேச்சாளியைச் சேர்க்காதீங்கோ. போன தவணைதான் வாசிக்கத் துணிந்த பிள்ளையைச் சேருங்கோ.

மூச்சைப் பற்றியும் ஒரு சொல். "ஆழமா மூச்செடு" என்றால் பிள்ளைகள் நெஞ்சை உயர்த்தி இழுத்து இழுத்து எடுத்துத் தலைசுற்றிப் போவார்கள். வெளியே விடுவதில் தொடங்குங்கோ. சூடான தேத்தண்ணியை ஊதுவது மாதிரி மெல்ல ஆறு எண்ணும்வரை விட்டு, பிறகு நாலு எண்ணும்வரை தானாக உள்ளே வர விடவேண்டும். ஐந்து தரம் போதும். வீட்டில் அமைதியாக இருக்கும்போது இரண்டு வாரம் பழகவேண்டும். மேடையடியில் முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தால் வேலை செய்யாது.

கிண்ணியா_வாப்பா

நல்ல பயனுள்ள இழை. எங்கட பக்கத்துக் கவலை வேறு. இரண்டு விதமான பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பகுதி தண்ணியைக் கண்டால் கிட்டவும் வராது. 2021 நவம்பர் 23 குறிஞ்சாக்கேணிப் படகு விபத்துக்குப் பிறகு உம்மாமாரே பிள்ளைகளைக் களப்புக்கரைக்கும் விடுவதில்லை. மற்றப் பகுதி, பந்தயம் பிடித்து இறங்குதுறையில் இருந்து குதிக்கிற பொடியன்மார். குதிக்காதவனைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் என்ன மருந்து?

கொட்டியாரக்குடா (நீச்சல், உயிர்காப்புப் பயிற்சி)

நானா, இந்த மாவட்டத்தில் இப்போது பள்ளியில் படிக்கிற எந்தப் பிள்ளையும் 2004 டிசம்பர் 26 கடலைக் கண்டதில்லை. ஆனால் அந்தப் பயம் வீட்டுக்குள்ளேயே இருந்து, பெரியவர்கள் கையைப் பிடித்து இழுக்கிற இழுப்பில் பிள்ளைக்கு இறங்குகிறது. இழுக்கிறவர்களில் குற்றமும் இல்லை. அதனால் கடலில் தொடங்கவேண்டாம், கிணற்றடியில் தொடங்குங்கோ.

அகலமான பேசினில் தண்ணி. முகத்தை வைத்து மூக்காலும் வாயாலும் குமிழி விடவேண்டும், ஒரு நாளைக்குப் பத்துத் தரம். பிறகு கண்ணைத் திறந்து, அடியில் அம்மா காட்டுகிற விரல்களை எண்ணவேண்டும். உப்புத்தண்ணி கண்ணைக் கடிக்கும், ஆகவே இந்தப் படியை நல்லதண்ணியில் முடித்துவிடுங்கோ. மூன்றாவது, காது நனைவது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மல்லாந்து மிதக்கும்போது காது தண்ணிக்குள் போனதும் வெளிச்சத்தம் நின்றுவிடும். பிள்ளை திடுக்கிட்டுத் தலையைத் தூக்கும். தலை எழும்பினால் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்தால் ஆள் தாழும். பாதிப் பிள்ளைகளுக்கு மிதப்பு வராததற்கு இதுதான் காரணம். பேசினில் பின்தலையைக் காதுவரை வைத்து இருபது எண்ணப் பழக்கினால் கடலில் அந்தத் திடுக்கிடல் வராது.

கடலுக்கு வருவது சித்திரை தொடக்கம் புரட்டாதி வரைக்குள். அந்த மாதங்களில் எங்கட பக்கம் கடல் படுத்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு கடல் எழும்பினால் பயிற்சியே வேண்டாம். ஆழம் பிள்ளையின் இடுப்பளவு. புதுப் பிள்ளைகள் என்றால் ஒரு பெரியவருக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் கைநீட்டினால் தொடும் தூரத்தில். மல்லாத்தும்போது ஒரு கை பிடரியில், ஒரு கை இடுப்பில். கையை எடுக்க முன் "இப்ப எடுக்கப்போறன், மூண்டு எண்ணிட்டுத் திரும்பப் பிடிப்பன்" என்று சொல்லி, சொன்ன மாதிரியே பிடிக்கவேண்டும். சொல்லாமல் கையை எடுத்து, "பார், நீயே மிதந்தாய்" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. அன்றோடு பிள்ளை உங்கள் கையை நம்பாது. பிறகு உடம்பை இறுக்கிப் பிடிக்கும், இறுகிய உடம்பு மிதக்காது. கோட்டைவாசல் சேருக்கும் சொல்கிறேன், தூக்கித் தண்ணியில் போட்டால் பிள்ளை நீந்தாது. விறைத்துப்போய்ச் சத்தமில்லாமல் தாழும்.

இனிக் குதிக்கிற பொடியன்மார். அவர்களுக்குப் பயமில்லை என்பது இல்லை. கூட்டாளிகளின் சிரிப்புக்கு உள்ள பயம் தண்ணிக்கு உள்ள பயத்தைவிடப் பெரிது, அவ்வளவுதான். "குதிக்காத" என்று மட்டும் சொன்னால் அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஒரு வேலையைக் கொடுங்கோ. ஆள் தத்தளித்தால் என்ன செய்வது என்று பழக்குங்கோ. மூடி இறுக்கின 5 லீற்றர் வெற்றுக் கான், அதன் கைபிடியில் 15 மீற்றர் கயிறு. கானுக்குள் ஒரு கோப்பைத் தண்ணி விடவேண்டும், வெறும் கான் காற்றில் பறந்து குறி தப்பும். கயிற்றின் மறுநுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, ஆளின் தலைக்கு மேலால் அப்பால் விழ எறிந்து, பிறகு இழுத்துக் கைக்குக் கொண்டுவரவேண்டும். தடியோ துவாயோ எட்டினால் கரையில் படுத்துக்கொண்டு நீட்டவேண்டும். ஒருவன் எறிய, ஒருவன் பெரியவர்களைக் கூப்பிட ஓடவேண்டும். யாரும் இறங்கக்கூடாது. தத்தளிக்கிறவன் கிட்ட வந்தவனின் கழுத்தைக் கட்டி அமத்துவான், இரண்டு பேரும் போவார்கள். நீச்சல் தெரிந்த சிநேகிதனுக்கும் இது பொருந்தும்.

நிலாவெளி, உப்புவெளிக் கரையில் அலை உடையாமல் அமைதியாய்த் தெரிகிற ஒடுங்கிய பட்டை ஒன்று சிலவேளை இருக்கும். தண்ணி அதில் கொஞ்சம் கலங்கியோ கறுத்தோ தெரியும். பிள்ளைகள் அதைத்தான் பாதுகாப்பான இடம் என்று தெரிவு செய்வார்கள். அது வெளியே இழுக்கிற நீரோட்டம். மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது, களைத்துப்போவார்கள். மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி, இழுவை குறைந்ததும் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் போகவேண்டும். இதை மணலில் கோடு கீறி நடத்திக் காட்டுங்கோ. வாயால் சொன்னால் நினைவில் நிற்காது.

கிண்ணியா_வாப்பா

கான், கயிறு விசயம் எங்கட பள்ளிச் சாரணர் பிள்ளைகளுக்கு நாளையே சொல்கிறேன். ஜஸாகல்லாஹ்.

சம்பூர்_கணிதம்

வகுப்பறைக்கு வருவோம். பிள்ளை கை தூக்காததில் ஆசிரியர் பங்கும் உண்டு. மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிந்து பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரி ஒரு செக்கனளவுதான் காத்திருந்தார்கள். மூன்று செக்கனுக்கு மேல் காத்திருந்தபோது விடைகள் நீண்டன, வழமையாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். 40 நிமிடப் பாடத்தில் இந்த மூன்று செக்கன் ஒரு நட்டமும் இல்லை. மனதுக்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" எண்ணுங்கள். முதல் வாரம் அந்த மௌனம் ஆசிரியருக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

நான் சொல்லக்கூடிய ஒழுங்கு இது. கேள்வி கேட்டதும் எல்லாரும் கொப்பியில் எழுதவேண்டும், பிறகு பக்கத்துப் பிள்ளையோடு அரை நிமிடம் ஒப்பிடவேண்டும், அதற்குப் பிறகுதான் ஒருவரைக் கேட்பது. அப்போது பிள்ளை சொல்வது தன் விடையாக இல்லை, "எங்கட விடை"யாக இருக்கும். பிழைத்தாலும் வெட்கம் பாதிதான். பெயர்களை ஐஸ்பழக் குச்சியில் எழுதி ரின்னில் போட்டு எடுத்தால் கெட்டிக்காரரையே கேட்கிற பழக்கமும் நிற்கும். "இப்ப வேண்டாம்" என்று சொல்ல ஒருதரம் இடம் கொடுக்கலாம். ஆனால் இரண்டு விடை கேட்ட பிறகு அதே பிள்ளையிடம் திரும்பி வந்து, "இந்த ரெண்டில எது சரி எண்டு நினைக்கிறாய்?" என்று கேட்கவேண்டும். திரும்பி வராவிட்டால் "வேண்டாம்" என்பதே அந்தப் பிள்ளையின் நிரந்தர விடையாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய துணிச்சல் "சேர், எனக்கு விளங்கேல்ல" என்பது. தரம் 5 புலமைப்பரிசில் நெருக்கடியில் அதைத்தான் முதலில் கொல்கிறோம். அதைச் சொன்ன பிள்ளைக்கு "எந்த வரியில விட்டது?" என்று கேளுங்கள். "அப்ப இவ்வளவு நேரமும் என்ன செய்தனி?" என்று ஒரே ஒருதரம் கேட்டாலும் வகுப்பில் நாற்பது பேரும் அதைக் குறித்து வைத்துக்கொள்வார்கள்.

உப்புவெளி_அம்மா

மிக்க நன்றி எல்லாருக்கும். பகிடி பண்ணுகிற பிள்ளைகளை என்ன செய்வது? பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒருவனை நெளிப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஏழுகிணறு (பள்ளி உளவளத்துணை)

பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. ஆட்கள் கூடக்கூட, ஒவ்வொருவரும் "வேற ஆரும் கேட்பினம்" என்று நிற்பது மனித இயல்பு. 1968இல் டார்லி, லத்தானே இருவரும் சோதித்துக் காட்டினது இதைத்தான். அதனால் "எல்லாரும் தட்டிக் கேளுங்கோ" என்ற பொது அறிவுரை யார் காதிலும் விழாது. வகுப்பில் சோடி சோடியாக நடிக்கவிட்டுப் பழக்குங்கோ. பகிடி பண்ணுகிறவனோடு மோதவே தேவையில்லை. பகிடிக்குள்ளானவனுக்குப் பக்கத்தில் போய் நின்று, பெயர் சொல்லி, "வா, கன்ரீனுக்குப் போவம்" என்று கூட்டிக்கொண்டு போவது போதும். கூட்டம் கலைந்தால் பகிடிக்கு உயிர் இல்லை. சிரிக்காமல் முகத்தை வேறு பக்கம் திருப்புவதும் ஒரு படி, மிகப் பயந்த பிள்ளையாலும் ஏலும்.

பெரியவர்களிடம் சொல்வதைக் "கோள்" என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கோ: ஒருவனுக்கு அடி வாங்கிக் கொடுக்கச் சொன்னால் கோள், ஒருவனுக்கு அடி விழாமல் பார்க்கச் சொன்னால் உதவி. யாரிடம் சொல்வது என்று ஐந்து விரலுக்கும் ஐந்து பேரைப் பிள்ளையே பெயர் சொல்லி வைக்கட்டும், அதில் இருவராவது வீட்டுக்கு வெளியே உள்ளவர்களாக இருக்கவேண்டும். முதலாமவர் நம்பாவிட்டால் அடுத்த விரல். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை ஒவ்வொரு பிள்ளையும் பாடமாக்கியிருக்கவேண்டும். தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. தரம் 3இல் இருந்தே அழுத்திப் பழக்கலாம், போனை நிறுத்தி வைத்துவிட்டு.

கோட்டைவாசல்

மூச்சும் மிதப்பும் சொன்னது யோசிக்க வைக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிரம்பு எடுபட்ட பிறகு பிள்ளைகளுக்குப் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சம்பூர்_கணிதம்

சேர், கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுக்கிறது, அதில் விவாதம் இல்லை. இந்த இழைக்குத் தேவையானது ஒன்றுதான். அடிக்குப் பயந்த பிள்ளை முதலில் பழகுவது பொய் சொல்ல. உண்மையைச் சொல்லித் தன் பிழையை ஒத்துக்கொள்கிற துணிவு வேண்டுமென்றால், ஒத்துக்கொண்டவனுக்கும் பிடிபட்டவனுக்கும் கிடைப்பது வேறுவேறாக இருக்கவேண்டும். யன்னல் கண்ணாடியை உடைத்தவன் தானாக வந்து சொன்னால், துண்டுகளைக் கூட்ட உங்களோடு நிற்கட்டும், அதோடு சரி.

நிலாவெளி_றோட்

பள்ளியில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளைக்கும் இந்தப் படிகள் பொருந்துமா? வீட்டில் பாட்டெல்லாம் படிக்கும் பிள்ளை.

ஏழுகிணறு (பள்ளி உளவளத்துணை)

பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் அது வெறும் கூச்சம் இல்லை. "வாயைத் திற" என்று கேட்கவே வேண்டாம், பரிசு காட்டிப் பேச வைக்கவும் வேண்டாம். பள்ளி முடிந்து வெறும் வகுப்பறையில் அம்மாவும் பிள்ளையும் மட்டும் ஏதாவது விளையாடட்டும், அங்கே குரல் வரும். அடுத்த நாள் ஆசிரியை கதவுக்கு வெளியே. அதற்கடுத்து கதவடியில், முதுகைக் காட்டிக்கொண்டு கொப்பி திருத்தட்டும். நாளுக்கொரு வாங்கு தூரம் கிட்ட வந்து, கடைசியில் விளையாட்டில் சேர்ந்து, அம்மா மெல்ல வெளியேறவேண்டும். குரல் நின்றுபோனால் ஒரு வாங்கு பின்னுக்கு. இதோடு சேர்த்து வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலும் காட்டுங்கோ, காலம் கடத்த வேண்டாம்.

உப்புவெளி_அம்மா

கடைசியாக ஒன்று. இவ்வளவும் செய்து, அன்றைக்கு மேடையில் தடக்கி நின்று, அழுதுகொண்டு ஓடிவிட்டால்?

கச்சான்காற்று (ஆரம்பப்பிரிவு ஆசிரியை)

நடக்கும் அக்கா, அதற்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும். அன்று பின்னேரம் ஆறுதல் சொல்லி நீளமாகக் கதைக்காதீங்கோ. "பரவாயில்ல, இனி வாசிக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிப்போடாதீங்கோ. எது வரைக்கும் வந்தது என்று பார்த்துச் சொல்லுங்கோ: "நாலு வரி வாசிச்சாய், 'ஆளுநர்' எண்ட சொல்லில நிண்டது." கெட்டிக்காரி, வீரி என்ற சொற்களைவிட இது பிள்ளைக்குப் பிடிபடும்.

பிறகு இரண்டு படி இறங்கவேண்டும், ஆனால் அடுத்த நாளே. ஒரு வாரம் விட்டால் அந்த மேடை பிள்ளையின் மனதில் வளர்ந்துகொண்டே போகும். வகுப்பாசிரியையிடம் முதல்நாளே சொல்லி வையுங்கோ. பள்ளி தொடங்க முன், ஏழே காலுக்கு, மைதானத்தில் பிள்ளைகள் வரிசைக்கு வருவதற்குள். அதே மேடை, அதே மைக், மட்டையில் ஒட்டின அதே தாள். கீழே அந்தச் சிநேகிதி ஒருத்தி மட்டும். நின்றுபோன அந்த ஐந்தாவது வரியில் இருந்து தொடங்கி, கடைசிவரை.